சிஓஎஃப்பும் ஹைட்ரஜன் ஃப்யூயல் செல்லும்: துளை எந்த இடத்தில் உதவுகிறது?

2025 அக்டோபர் 11 – வாசகர் கேள்வி

இந்த வருட வேதியியல் நோபல் எம்ஓஎஃப்புக்கு, அதாவது உலோகமும் கரிமமும் சேர்ந்த நுண்துளைச் சட்டகத்துக்குப் போனது. பரிசு வாங்கிய மூவரில் ஒருவரான ஒமர் யாகியின் இன்னொரு கண்டுபிடிப்பு சிஓஎஃப், அதாவது உலோகமே இல்லாத நுண்துளைக் கரிமச் சட்டகம். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் வினைபுரியவைத்து மின்சாரம் எடுக்கும் ஹைட்ரஜன் ஃப்யூயல் செல்லில் அதைச் சேர்த்தால் திறன் கூடும் என்று படித்தேன். எனக்கு இது பிடிபடவில்லை. செல்லுக்குள் இருக்கும் சவ்வின் வேலையே ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் கலக்கவிடாமல் தடுப்பது. அங்கே போய் முழுக்க ஓட்டையாக இருக்கும் பொருளை வைத்தால் கசியாதா? கட்டுரை எழுதுவதற்காகச் செய்யும் ஆராய்ச்சி என்றுதான் தோன்றுகிறது.

அக்டோபர் 11, இரவு – என் பதில்

ஓட்டை காலியாக இருந்தால் கசியும். ஓடும் செல்லின் சவ்வில் அது காலியாக இருப்பதில்லை. தண்ணீரோ பாஸ்பாரிக் அமிலமோ நிறைந்திருக்கும். சிஓஎஃப் துளையின் அகலம் பெரும்பாலும் 2, 3 நானோமீட்டர்தான். அவ்வளவு குறுகலான இடத்தில் உட்கார்ந்த தண்ணீரை வெளியே தள்ள ஏறக்குறைய ஆயிரம் வளிமண்டல அழுத்தம் வேண்டும். செல்லில் இருப்பது இரண்டு மூன்று வளிமண்டலம். ஆகவே வாயு அந்தத் திரவத்தில் கரைந்து மெதுவாக ஊர்ந்துதான் மறுபக்கம் போக முடியும். இந்தச் செல்களில் வழக்கமாகப் போடும் நாஃபியான் என்ற பாலிமர் சவ்விலும் நடப்பது இதேதான்.

கசிவு வருவது வேறு வழியாக. சிஓஎஃப் பெரும்பாலும் பொடியாகத்தான் கிடைக்கும். பொடியை அழுத்தி வில்லையாக்கினால் துகளுக்கும் துகளுக்கும் நடுவே சந்து விழும். அது நானோமீட்டர் கணக்கில்லை, மைக்ரான் கணக்கு. வாயு அதில் தாராளமாகப் போய்வரும். எங்கள் ஆய்வகத்தில் அப்படி ஒரு வில்லையை வைத்து இரண்டு பக்கமும் வாயுவை விட்டோம். மின்னோட்டம் எதுவும் எடுக்காத நிலையிலேயே மின்னழுத்தம் 0.7 வோல்ட்டைத் தாண்டவில்லை, கசிவின் அடையாளம் அது. நல்ல நாஃபியான் செல் அந்த இடத்தில் 0.95, 1.0 காட்டும். ஏட்டுக் கணக்குப்படி உச்சம் 1.23.

ஆனால் இது தீராத சிக்கல் இல்லை. புணே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் ராகுல் பானர்ஜியின் குழு 2016இல் பைபிரிடின் உள்ள ஒரு சிஓஎஃப்பைக் கரைப்பானில் வேகவைக்காமல் அரைத்தே தயாரித்து, பாஸ்பாரிக் அமிலம் ஏற்றி, செல்லில் வைத்து 0.93 வோல்ட் நிலையாக எடுத்தது. அரைத்துச் செய்தது நெருக்கமாகப் படிந்தது, வாயு கடக்கவில்லை.

அக்டோபர் 12

நேற்று எழுதியதைப் பார்த்துவிட்டு, "துளைக்குள்தானே ஹைட்ரஜனைச் சேர்த்து வைப்பார்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அது வேறு வேலை. சேமிப்புக்கும் சிஓஎஃப்பைப் பார்த்திருக்கிறார்கள். சிஓஎஃப்-102 என்ற முப்பரிமாணச் சட்டகம் ஒரு கிராமுக்கு 72 மில்லிகிராம் ஹைட்ரஜனை உறிஞ்சும் என்று யாகி குழு 2009இல் காட்டியது. ஆனால் அந்த அளவு 77 கெல்வினில், அதாவது திரவ நைட்ரஜனின் குளிரில் கிடைப்பது. காரை அந்தக் குளிரில் வைத்து ஓட்ட முடியாது. அதனால்தான் டொயோட்டாவின் ஹைட்ரஜன் கார் மிராய் 700 பார் அழுத்தத் தொட்டியோடு ஓடுகிறது. தொட்டிக் கதையை இத்துடன் விடுகிறேன். இங்கே பேசுவது செல்லின் உள்ளே.

அக்டோபர் 14

கேட்டவர் சவ்வை மட்டும் மனதில் வைத்துக் கேட்டிருக்கிறார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். என் கருத்து: துளைப் பொருளுக்கு ஃப்யூயல் செல்லில் சவ்வைவிட நல்ல இடம் ஒன்று உண்டு. பிளாட்டினத்தின் மேல் படியும் அயனோமர் தோல், அதாவது புரோட்டானைக் கடத்தும் பாலிமர் படலம்.

கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

செல்லின் காற்றுப் பக்கத்தில் பிளாட்டினத் துகள்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 2 முதல் 5 நானோமீட்டர். அவை கார்பன் பொடியின் மேல் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு துகளுக்கும் மூன்று பேர் வந்து சேர வேண்டும்: கார்பன் வழியாக எலக்ட்ரான், துளை வழியாக ஆக்சிஜன், சவ்விலிருந்து புரோட்டான் (எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன்). புரோட்டான் சும்மா வராது, அதற்கு ஈரமான அமில வழி வேண்டும். அந்த வழியைப் போடத்தான் வினையூக்கி மையில் நாஃபியான் கரைசலைக் கலக்கிறோம்.

மை தயாரிப்பதைப் பார்த்தால் விஷயம் எளிதில் புரியும். குப்பியில் கார்பன்-பிளாட்டினப் பொடியை எடுத்ததும் முதலில் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். காய்ந்த பொடியில் நேராக ஆல்கஹால் பட்டால் பிளாட்டினமே தீ மூட்டிவிடும். புதிதாக வரும் மாணவருக்கு முதல் நாள் சொல்லித்தரும் பாடம் இதுதான். பொடி நன்றாக நனைந்த பிறகு ஐசோபுரொப்பனால், அதன் பிறகு சாராய வாடை அடிக்கும் நாஃபியான் கரைசல். குப்பியைப் பனிக்கட்டித் தண்ணீரில் நிறுத்தி அல்ட்ராசவுண்டில் வைப்போம், சூடானால் கட்டி தட்டிவிடும். குப்பியைச் சாய்த்தால் கண்ணாடியில் கறுப்பு ஒரே சீராக வழிய வேண்டும். மணல் மணலாகத் தெரிந்தால் அந்த மை உதவாது. சூடான தட்டில் சவ்வை விரித்து, ஸ்ப்ரே துப்பாக்கியால் வரி வரியாக அடித்துக் காயவைக்க வேண்டும்.

காயும்போது நாஃபியான் என்ன செய்கிறது? கார்பனையும் பிளாட்டினத்தையும் சில நானோமீட்டர் தடிப்பில் தோலாக மூடிக்கொள்கிறது. புரோட்டானுக்கு அந்தத் தோல் பாதை. ஆக்சிஜனுக்கோ அதுவே தடை. போதாததற்கு, நாஃபியானின் சல்போனேட் முனைகள் (புரோட்டானைக் கடத்தும் அமிலக் குழுக்கள்) வளைந்து வந்து பிளாட்டினத்தின் மேல் ஒட்டிக்கொண்டு, வினை நடக்க வேண்டிய இடத்தையே பிடித்துக்கொள்கின்றன.

பிளாட்டினம் நிறைய இருந்தால் இது உறைக்காது. சதுர சென்டிமீட்டருக்கு 0.4 மில்லிகிராம் போட்ட மின்முனையில் ஆக்சிஜன் ஆயிரம் வாசலில் பிரிந்து நுழையும். செலவைக் குறைக்க 0.1க்குக் கீழே போனால், அதே மின்னோட்டத்துக்கு வேண்டிய ஆக்சிஜன் முழுவதும் கொஞ்சம் வாசலில்தான் நுழைய வேண்டும். நெரிசல் அங்கே வருகிறது. மின்னோட்டத்தைக் கூட்டக் கூட்ட, மின்னழுத்த வளைகோடு ஒரு கட்டத்துக்குப் பிறகு சடாரென்று கீழே விழும். அந்த விழுகையைத் திரையில் பார்ப்பது எரிச்சலான அனுபவம். பாதி மின்னோட்டம் வரை அருமையாக ஓடிய செல் அது.

இந்தத் தோலுக்குத்தான் துளை வேண்டும்.

அக்டோபர் 15

"ஹைட்ரஜன் பக்கத்திலும் அதே தோல்தானே, அங்கே ஏன் தொல்லை இல்லை?" என்ற கேள்விக்கு: ஹைட்ரஜன் மூலக்கூறு சிறியது, வேகமாக ஊடுருவும், பிளாட்டினத்தில் அதன் வினையும் மிக வேகம். தவிர அங்கே நாம் விடுவது கிட்டத்தட்ட தூய ஹைட்ரஜன். மறுபக்கம் விடுவது காற்று, அதில் ஆக்சிஜன் 21 சதவீதம். ஹைட்ரஜன் பக்கம் 0.05 மில்லிகிராம் பிளாட்டினம் போட்டாலே ஓடிவிடும்.

அக்டோபர் 18

பெய்ஜிங் தொழில்நுட்பக் கழகத்தில் போ வாங், சியாவ் ஃபெங் குழு 2022இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட வேலையைப் பற்றி இன்று எழுதுகிறேன். இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கட்டுரை அது. அவர்கள் செய்தது பார்ப்பதற்கு எளிது. சல்போனேட் தொங்கும் சிஓஎஃப்பை மெல்லிய தாள்களாக்கி நாஃபியானோடு கலந்தார்கள். தாளின் துளை 2.8 முதல் 4.1 நானோமீட்டர். கடையில் கிடைக்கும் பிளாட்டினம்-கார்பனையே எடுத்துக்கொண்டு, காற்றுப் பக்கம் சதுர சென்டிமீட்டருக்கு 0.07 மில்லிகிராம் பிளாட்டினம் மட்டும் போட்டார்கள். சிஓஎஃப் இல்லாத செல்லோடு ஒப்பிட்டால் பிளாட்டினத்தின் எடைவழிச் செயல்திறனும் (ஒரு கிராம் பிளாட்டினம் செய்யும் வேலை) செல்லின் உச்சத் திறனும் 1.6 மடங்கு.

இதில் என்னைக் கவர்ந்தது அந்த மடங்கு இல்லை. வினையூக்கியைத் தொடவில்லை, சவ்வைத் தொடவில்லை, மையில் சேரும் ஒரே ஒரு பொருளை மாற்றினார்கள். ஸ்ப்ரே துப்பாக்கி அதே துப்பாக்கி. தொழிற்சாலைக்காரர் காதில் விழ வேண்டிய செய்தி இது.

துளையின் அளவும் கவனிக்க வேண்டியது. ஆக்சிஜன் மூலக்கூறு 0.35 நானோமீட்டர்தான், அதற்கு 3 நானோமீட்டர் எதற்கு என்று தோன்றலாம். துளையின் சுவரில் சல்போனேட் தொங்குகிறது, அதைச் சுற்றித் தண்ணீர் ஒட்டுகிறது. குறுகலான துளை தண்ணீராலேயே அடைபட்டுவிடும். சவ்வில் துளை நிறைந்திருந்தால்தான் நல்லது; இந்தத் தோலில் நடுவே ஆக்சிஜனுக்கு வழி மிஞ்ச வேண்டும், அதற்குத் துளை அகலமாக இருக்க வேண்டும்.

அக்டோபர் 19

நேற்றைய குறிப்பைத் தூங்கி எழுந்து யோசித்ததில் இரண்டு விஷயம் சேர்க்க வேண்டியிருக்கிறது.

ஒன்று, 1.6 மடங்கு என்பதை எல்லாச் செல்லுக்கும் பொருத்தக் கூடாது. பிளாட்டினம் குறைவாக இருக்கும் இடத்தில்தான் தோலின் தடை பெரிதாகத் தெரியும், எனவே பலனும் அங்கேதான் பெரிதாகத் தெரியும்.

இரண்டு, பலன் முழுவதையும் துளையின் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை. நாஃபியானில் சல்போனேட் நீண்டு வளையும் கையின் நுனியில் இருக்கிறது; பிளாட்டினத்தை எளிதாகத் தொடும். சிஓஎஃப்பில் அது விறைப்பான சட்டகத்தோடு பிணைந்திருக்கிறது. நினைத்த பக்கம் திரும்ப முடியாது. பிளாட்டினத்தின் மேற்பரப்பு கொஞ்சம் விடுபடுகிறது. செயல்திறன் கூடியதற்குக் கணிசமான காரணம் இது என்றும், அதிக மின்னோட்டத்தில் வளைகோடு விழாமல் நின்றதற்குக் காரணம் துளை என்றும் நான் பிரித்துப் பார்க்கிறேன்.

அக்டோபர் 23

இந்தப் பொருள் எப்படி இருக்கும், எப்படிச் செய்கிறார்கள் என்று மாணவர் ஒருவர் கேட்டார்.

முதல் சிஓஎஃப்கள் 2005இல் யாகி குழுவிடமிருந்து வந்தன. போரான்-ஆக்சிஜன் பிணைப்பு கொண்டவை. அழகான படிகம், ஆனால் ஈரம் பட்டால் உடைந்துவிடும். ஃப்யூயல் செல்லே தண்ணீர் செய்யும் கருவி. அங்கே அவற்றுக்கு இடமே இல்லை. திருப்பம் 2012இல் புணேயில் நடந்தது. ஷரத் காண்டம்பேத்தும் பானர்ஜி குழுவும் செய்த டிபிபிஏ-1 என்ற சிஓஎஃப், கொதிக்கும் தண்ணீரையும் 9 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் தாங்கியது. மூன்று ஆல்டிஹைடும் மூன்று ஹைட்ராக்சிலும் உள்ள ஒரு வளையத்தை அமீனோடு சேர்க்கும்போது முதலில் மீளக்கூடிய இமீன் பிணைப்பு வருகிறது, அதனால் படிகம் தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது. அப்புறம் ஹைட்ரஜன் இடம் மாறி, பிணைப்பு கீட்டோ வடிவத்துக்குப் போய்ப் பூட்டிக்கொள்கிறது. திரும்பி வராது. இன்று ஃப்யூயல் செல்லுக்கென்று பேசப்படும் சிஓஎஃப்களில் பாதிக்கு மேல் இந்தக் குடும்பம்தான் என்பது என் கணிப்பு. அது இந்தியாவில் பிறந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

செய்முறை: தடித்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மூலப்பொருட்கள், மெசிட்டிலீன், டையாக்சேன், கொஞ்சம் அசிட்டிக் அமிலம். குழாயைத் திரவ நைட்ரஜனில் முக்கி உறையவைத்து, பம்பு போட்டு காற்றை இழுத்து, மறுபடி உருகவிட வேண்டும். உருகும்போது உள்ளே சிக்கிய காற்று குமிழ் குமிழாகக் கிளம்பும். அது நிற்கும்வரை திரும்பச் செய்து, குழாயின் கழுத்தைச் சுடரில் உருக்கி மூடி, 120 டிகிரி அடுப்பில் மூன்று நாள். எடுத்தால் அடியில் கருஞ்சிவப்புப் பொடி. எக்ஸ்-கதிர் விளிம்பு விலகலில் 4.7 டிகிரிக்குப் பக்கத்தில் கூர்மையான சிகரம் வந்தால் படிகம் சரி; 27 டிகிரி பக்கம் அகலமாக வரும் மேடு, தாள்கள் சுமார் 3.4 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் அடுக்கியிருப்பதைக் காட்டும். முதல் சிகரம் இல்லாமல் மேடு மட்டும் வந்தால் கையில் இருப்பது வெறும் சிவப்புப் பாலிமர்.

கிலோ கணக்கில் வேண்டுமென்றால் இந்தக் குழாய் வேலை ஒத்துவராது. அதற்கும் அதே குழு 2017இல் வழி காட்டியது: டொலுவீன் சல்போனிக் அமிலத்தோடு பிசைந்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, சூடாக்கினால் நொடிகளில் சிஓஎஃப். சுடுமண் முறை என்று அவர்களே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அக்டோபர் 27

மாணவர்களுக்காக, கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். புரோட்டான் கடத்துத்திறன் எண்ணை மட்டும் பார்த்து எந்தப் பொருளையும் மதிப்பிடாதீர்கள்.

2014இல் பாஸ்பாரிக் அமிலம் ஏற்றிய அசோ சிஓஎஃப் காட்டியது சென்டிமீட்டருக்கு சுமார் 0.001 சீமென்ஸ். 2018இல் வளையக்கூடிய சிஓஎஃப் சவ்வு ஒன்று 0.078ஐத் தொட்டது. நாஃபியான் நன்றாக நனைந்திருந்தால் 0.1. நான்கு ஆண்டில் இந்த ஓட்டம் பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் இவை 95, 98 சதவீத ஈரப்பதத்தில் எடுத்த எண்கள். அவ்வளவு ஈரத்தில் துகள்களின் வெளிப்புறத்தில் ஒட்டிய தண்ணீரும் அமிலமும்கூடப் புரோட்டானைக் கடத்தும். எண்ணில் எவ்வளவு துளைக்குள் நடந்தது, எவ்வளவு சந்தில் நடந்தது என்று அந்த ஒரு அளவை பிரித்துச் சொல்லாது.

ஏற்றிய அமிலம் நிற்குமா என்பதையும் கேட்க வேண்டும். ஒட்டாமல் உட்கார்ந்திருக்கும் அமிலத்தை, செல்லில் உருவாகும் தண்ணீரே கழுவிக்கொண்டு போய்விடும். அதனால்தான் சல்போனேட்டைச் சட்டகத்திலேயே பிணைத்த வகைகள் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

நவம்பர் 2

"100 டிகிரிக்கு மேல் ஓட்டினால்?" – இங்கே சவ்விலும் துளைக்கு நல்ல வேலை உண்டு, அக்டோபர் 14 குறிப்பில் அதற்குப் போதிய இடம் தரவில்லை. நாஃபியான் தண்ணீரை நம்பியிருக்கிறது, 100ஐத் தாண்டினால் காய்ந்துபோகும். பாஸ்பாரிக் அமிலம் ஊறிய பிபிஐ (வெப்பம் தாங்கும் ஒரு பாலிமர்) சவ்வு 160 டிகிரியில் ஓடும், ஹைட்ரஜனில் கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு கலந்திருந்தாலும் தாங்கும். ஆனால் குளிர்ந்தால் தண்ணீர் திரண்டு அமிலத்தை இழுத்துக்கொண்டு போகும், எனவே அடிக்கடி நிறுத்தி ஓட்ட முடியாது. டிரோகர் பேஸ் வகை நுண்துளைப் பாலிமரில் அமிலத்தைப் பூட்டி −20 முதல் 200 டிகிரி வரை ஓடும் செல்லை 2022இல் நேச்சர் எனர்ஜியில் காட்டினார்கள். துளை ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. அங்கே குறுகலே பலம், அமிலம் நழுவாது. அயனோமருக்கு அகலம் வேண்டும், அமிலத்தைப் பிடித்துவைக்கக் குறுகல் வேண்டும். டோங்லின் ஜியாங் குழு 2016இல் இமிடசோல், டிரையசோல் மூலக்கூறுகளைச் சிஓஎஃப் துளைக்குள் ஏற்றி 130 டிகிரியில் தண்ணீர் இல்லாமலே புரோட்டானை ஓடவைத்ததும், கடத்தும் பொருளைத் துளைக்குள் பிடித்துவைக்கும் வழிதான்.

நவம்பர் 5

பேச்சு நம்மூர் வண்டிகள் பக்கம் திரும்பியிருக்கிறது, நல்லது. 2024 பிப்ரவரி 28இல் தூத்துக்குடியிலிருந்து தொடங்கிவைத்த ஹைட்ரஜன் படகு கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் கட்டியது, காசிக்கானது. சென்னை ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 2025 ஜூலையில் ஹைட்ரஜன் ரயிலின் பெட்டியைச் சோதித்தார்கள். ஐஐடி சென்னை ஆய்வுப் பூங்காவில் ஏஆர்சிஐ என்ற அரசு ஆய்வு நிறுவனத்தின் ஃப்யூயல் செல் மையம் இருக்கிறது, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி இருக்கிறது. செல் கட்டத் தெரிந்தவர்கள் இங்கே. சிஓஎஃப் செய்யத் தெரிந்தவர்கள் புணேயிலும் கொல்கத்தாவிலும். இரண்டு தரப்பும் ஒரே மேஜையில் இன்னும் அதிகமாக உட்கார வேண்டும் என்பது என் ஆசை.

நம் சாலைக் காற்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை. டீசல் புகையில் வரும் கந்தக டையாக்சைடு பிளாட்டினத்தில் ஒட்டினால் எளிதில் போகாது. பிளாட்டினம் குறைந்த மின்முனையில் அந்தச் சேதம் இன்னும் சீக்கிரம் தெரியும். துளைத் தோல் ஆக்சிஜனுக்குத் திறக்கும் வழி கந்தகத்துக்கும் திறந்ததுதான். காற்று வடிகட்டியைச் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

நவம்பர் 9

ஆயுள். எனக்குத் தூக்கம் வராத விஷயம் இதுதான்.

கனரக லாரிக்கு அமெரிக்க எரிசக்தித் துறை வைத்திருக்கும் இலக்கு 25,000 மணி நேரம். செல்லுக்குள் கொஞ்சம் வாயு கடந்து வரும்போதெல்லாம் ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகும். குழாயிலிருந்தோ தகட்டிலிருந்தோ துளி இரும்பு அயனி வந்தால் அது ஹைட்ராக்சில் ராடிக்கலாக உடையும். ராடிக்கல் கண்ணில் பட்ட கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பையெல்லாம் கடிக்கும். நாஃபியான் ஓரளவு தாக்குப்பிடிப்பது டெஃப்லான் சங்கிலியால். அதில் கார்பனைச் சுற்றி ஃபுளூரின். சிஓஎஃப்பில் பென்சீன் வளையமும் நைட்ரஜனும் நிறைய. அமிலத்தைத் தாங்குகிறது என்பதை 2012லேயே பார்த்துவிட்டோம். ராடிக்கலைத் தாங்குவது தனிச் சோதனை. பெராக்சைடோடு இரும்பு உப்பைச் சேர்த்து அதில் பொடியைச் சூடாக வைத்து, எடையும் எக்ஸ்-கதிர் சிகரமும் எப்படிக் குறைகின்றன என்று பார்த்தால் ஒரு நாளிலேயே ஓரளவு தெரிந்துவிடும். கட்டுரை எழுதும் தம்பி தங்கைகள் இந்த ஒரு படத்தைச் சேர்த்தால் என்னைப் போன்றவர்கள் உங்கள் பொருளை எடுத்துச் செல்லில் போடத் தயங்க மாட்டோம்.

நவம்பர் 10

"அப்படியானால் நாஃபியானையே விட்டுவிட்டு சிஓஎஃப் மட்டும் போட முடியாதா? ஐரோப்பாவில் ஃபுளூரின் வேதிப்பொருளுக்குத் தடை வருகிறதாமே?"

ஜெர்மனி, நெதர்லாந்து உட்பட ஐந்து நாடுகள் 2023 ஜனவரியில் அந்த முன்மொழிவைக் கொடுத்தது உண்மை. நாஃபியானும் அந்த வேதிக்குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் இன்றைய சிஓஎஃப் தாள் தானாக ஒட்டிப் பிடிக்காது. மையில் பசையின் வேலையையும் நாஃபியான் செய்கிறது. அதை முழுக்க எடுத்துவிட்டால் காய்ந்த மின்முனை வெடித்து உதிரும். ஃபுளூரின் இல்லாத ஹைட்ரோகார்பன் அயனோமரோடு சிஓஎஃப் தாளைக் கலந்து பார்ப்பது நியாயமான அடுத்த படி. அந்த அயனோமர்களில் ஆக்சிஜன் ஊடுருவல் நாஃபியானைவிட மோசம், எனவே துளையின் தேவையும் அங்கே கூடுதல். ஆய்வுத் தலைப்பு தேடுபவர்கள் இதை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 0.1 மில்லிகிராம் பிளாட்டினத்தில், காற்றில், 60 சதவீத ஈரப்பதத்தில் ஓட்டிப் பாருங்கள். தூய ஆக்சிஜனில் எடுத்த வளைகோட்டை மட்டும் போடாதீர்கள்.